ஏரிகளின் வழியே மிதிவண்டியில்: ஒரு நீரியல் பாடம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று அழைப்பது வழக்கம். 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. வரைபடத்தில் கோடுகள் எத்தனை முறை மாறினாலும் ஏரிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. (சில ஏரிகள் இருந்த இடத்திலும் இல்லை என்பது வேறு செய்தி.) தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு என்று படித்திருக்கிறோம். அவற்றில் நாலைந்தையாவது கரையேறிப் பார்த்துவிட வேண்டும் என்று 2024 பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் நால்வர் புறப்பட்டோம். இயற்பியல், வேதியியல், வரலாறு, தமிழ் என்று துறைக்கு ஒருவர். நான்கும் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டிகள். அவற்றுள் வேதியியல் நண்பருடைய வண்டிக்கு மட்டும் பின் பிரேக் இருந்தது. எனவே இறக்கங்களில் அவர் தலைமை வகித்தார்.

மூன்று நாள்; நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கேரியரில் ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு மாற்றுடை, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. ஒரு பம்பு, இரண்டு பஞ்சர் ஒட்டும் வில்லை. இவை தவிர நான் ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டேன். அளவு நாடா எதற்கு என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அது எதற்கு என்பதே இக்கட்டுரை.

செங்கல்பட்டை விட்டு நீங்குவதற்கு முன்பே கொளவாய் ஏரி கண்ணில் படுகிறது. தொடர்வண்டியில் வருவோர் பலர் அதைத் தினமும் பார்த்தபடியே கடந்து விடுகிறோம். பிறகு பாலாறு. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஆற்றின் அகலத்தைவிட மணலின் அகலம்தான் மனத்தில் நிற்கிறது. இந்த நிலத்தில் ஏன் இத்தனை ஏரிகள் என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்து விடுகிறது. பாலாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. மழையோ வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்து விடுகிறது. வருவதைப் பிடித்து வைத்தால் உண்டு. இல்லையேல் அது கடலுக்குப் போய்விடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டால் மேல்பக்கம் நீர் நிற்கும், கீழ்ப்பக்கம் வயல் விளையும். ஏரி என்பது இவ்வளவுதான்.

ஆனால் அந்த 'இவ்வளவு'க்குள் பல உறுப்புகள் உண்டு. மழைநீரைக் கொண்டு வருவது வரத்துக்கால். நீரை வயலுக்கு விடுவது மதகு. கொள்ளளவுக்கு மேல் வந்ததைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலங்கல். மதகின் நீரால் விளையும் நிலம் ஆயக்கட்டு. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதன் கலங்கல் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலியாகப் போகும். ஆகவே ஒரு கலங்கலை ஓர் அடி உயர்த்திக் கட்டினால் மேலே உள்ளவன் நிலம் மூழ்கும், கீழே உள்ளவன் ஏரி காயும். கிராமத்து வழக்குகளில் பாதி இந்த ஓர் அடியில்தான் இருக்கிறது.

மதுராந்தகத்தில் ஒரு பந்தயம்

மதுராந்தகம் ஏரி நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கிறது. தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் அது ஒன்று. நாங்கள் போனபோது சீரமைப்பு வேலை நடந்து வந்ததால் நீரை முழுமையாகத் தேக்கவில்லை. கடல் போன்ற ஏரியைக் காண வந்த தமிழ் நண்பருக்கு ஏமாற்றம். எனக்கோ மகிழ்ச்சி! நிறைந்த ஏரி அழகாக இருக்கும். ஆனால் கரையின் உட்சரிவு, அலை அரிக்காமல் பதித்த கற்கள், மதகின் வாய் ஆகிய எல்லாவற்றையும் குறைந்த ஏரிதான் காட்டும்.

ஊரில் உள்ள இராமர் கோயிலுக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர். 1790-களில் இங்கு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்த கதை அது. மழைக்காலந்தோறும் கரை உடைந்து தொல்லை கொடுத்தது. கரை நின்றால் தாயார் சந்நிதி கட்டித் தருவதாக அவர் வாக்களித்தார். அடைமழை இரவில் கரையைப் பார்க்கச் சென்றவருக்கு வில்லேந்திய இளைஞர் இருவர் காவல் நிற்பது தெரிந்தது. கரையும் நின்றது என்று சொல்கிறார்கள். கேட்க இனிய கதை. அந்த இரவில் வில்லேந்தியவர்களுக்குப் பக்கத்தில் மண்வெட்டியும் வைக்கோல் பிரியும் ஏந்தி நின்றிருக்கக் கூடியவர்களைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்வதில்லை.

கரைமேல் உட்கார்ந்து புளிச்சோறு உண்ணும்போதுதான் பந்தயம் வந்தது. "இவ்வளவு பெரிய ஏரி நிறைந்தால், இதன் பரப்பில் உள்ள தண்ணீர் அத்தனையும் இந்தக் கரையைத்தானே தள்ளும்? சிறிய ஏரியின் கரையைப்போல நூறு மடங்கு பலம் வேண்டாமா?" என்றார் வரலாற்று நண்பர். வேண்டாம் என்றேன் நான். ஒரு தேநீர் பந்தயம்.

நம் முதலாண்டுப் பாடம்தான் இது. நீரழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. பரப்பைப் பொறுத்தது அன்று. பத்து அடி ஆழக் கிணற்றின் அடியிலும், பத்து அடி ஆழமுள்ள கடல்போன்ற ஏரியின் அடியிலும் அழுத்தம் ஒன்றே. மதுராந்தகம் ஏரியின் முழு உயரம் 23.3 அடி என்பார்கள், அதாவது 7.1 மீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 7 டன் எடைக்குச் சமமான விசை அழுத்தும். மேற்பரப்பில் அது ஒன்றுமில்லை. ஆகையால்தான் கரையை மேலே குறுக்கியும் அடியில் அகட்டியும் போட்டார்கள். மேலிருந்து அடிவரை கூட்டிப் பார்த்தால் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் சுமார் 25 டன் தள்ளுவிசையைத் தாங்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். இந்த மொத்த விசை உயரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதம். நீரின் உயரத்தை இருமடங்காக்கினால் கரை தாங்க வேண்டியது நான்கு மடங்காகும். ஒரே ஏரியை உயர்த்திக் கட்டாமல், சிறு சிறு ஏரிகளைச் சங்கிலியாகத் தொடுத்தவர்களின் அறிவு இதில் தெரிகிறது. நிலம் தட்டையாக இருப்பதும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஆழமற்ற ஏரி பரந்து கிடப்பதால் வெயில் நிறையக் குடித்துவிடும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் மண்ணும் கூடையும் மனிதத் தோளும் கொண்டு கட்டக்கூடியது இதுவே. தேநீர் எனக்குக் கிடைத்தது.

வேடந்தாங்கல்

படாளத்திலிருந்து உள்ளே திரும்பும் சாலையில் என் வண்டியின் பின் டியூபில் முள் ஏறியது. முதல் வில்லை செலவு. இருட்டும் நேரத்தில் வேதியியல் நண்பரின் சிற்றப்பா வீட்டை அடைந்து, விடியற்காலையில் வேடந்தாங்கலுக்குப் போனோம்.

சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சிற்றேரி. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கிளை தெரியாதபடி பறவைகள்: கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. இந்தப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர் என்றும், 1858-இல் அதைப் புதுப்பித்துக் கொண்டனர் என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கலெக்டரும் மதுராந்தகத்துக் கதையில் வந்த அதே பிளேஸ்தான். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

உழவர்கள் பறவைகளுக்காகப் பரிந்து பேசியது ஏன்? இங்கே வேதியியல் நண்பருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. பறவையின் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. அது விழுவது ஏரியில். ஏரிநீர் பாய்வது வயலில். மதகைத் திறந்தால் உரமும் சேர்ந்தே வருகிறது. யூரியா மூட்டை வருவதற்கு முன்பே இவ்வூரார் கண்டறிந்த கணக்கு அது. அன்பும் ஆதாயமும் ஒரே மரத்தில் கூடு கட்டியிருக்கின்றன என்று தமிழ் நண்பர் சொன்னார். குறித்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியதால் இங்கே எழுதியிருக்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்லும் ஒரு கிழவரும்

கரிக்கிலியைக் கடந்து உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறை பற்றிய இவற்றை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தார்கள். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவி 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது.

ஏரிக்கென்று தனி வாரியம்! பல்லவர் காலத்திலேயே இவ்வூர் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். ஏரியைப் பேணுவதற்கென ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். வரலாற்று நண்பர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் தகுதிகளைச் சொன்னார்: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல், 70-க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். அந்தக் குடத்தில் என் முப்பாட்டனின் பெயர் ஓலையாக விழுந்திருக்க வழியே இல்லை. மதகைத் திறந்து மூடியவன் பெயர் என்ன, அவனுக்கு எவ்வளவு நெல் என்று கேட்டேன். அவர் படித்த பகுதியில் அது இல்லை என்றார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு பேர் வாரியத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தாலும், இரவில் ஒருவன் தண்ணீரில் இறங்கித்தான் அதை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை ஊருக்கு வெளியே ஒரு சிற்றேரியின் கரையில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு நின்றோம். நீருக்குள் இரண்டு கல்தூண்களும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் கற்பலகைகளும் தெரிந்தன. பலகைத் துளைகளின் வழியே ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் நுனியில் உள்ள அடைப்பு மதகின் துளையை மூடுகிறது. தண்டைத் தூக்கினால் நீர் போகும். என் நாடாவுக்கு வேலை வந்தது. கரையோரம் கழற்றிப் போட்டிருந்த பழைய அடைப்பு ஒன்றை அளந்தேன்; விட்டம் 15 சென்டிமீட்டர். ஏரி நிறைந்து நான்கு மீட்டர் நீர் நின்றால் அதன்மேல் சுமார் 70 கிலோ எடை அழுத்தும். துளையை இருமடங்கு அகலமாக்கினால் 280 கிலோ ஆகிவிடும். ஒற்றை ஆளால் அசைக்க முடியாது. மதகுத் துளை ஏன் இவ்வளவு சிறிது என்று வியந்த நண்பருக்கு அதுவே விடை.

நாங்கள் அளப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் வந்தார். இடுப்பில் சிறு வேட்டி, தோளில் மண்வெட்டி.

"யாரு தம்பி நீங்க? அளக்க வந்த ஆபீசருங்களா?"

"காலேஜ் பசங்க தாத்தா. சுத்திப் பாக்க வந்தோம்."

அவர்தான் அவ்வேரியின் நீர்க்கட்டி. ஊருக்கு ஊர் இப்பெயர் மாறும். கம்புகட்டி என்பர், மடையர் என்பர், தெற்கே நீர்பாய்ச்சி என்பர். மதகைத் திறப்பது, வாய்க்காலைப் பார்ப்பது, முறைவைத்துத் தண்ணீர் விடுவது, மழையிரவில் கரையில் கிடப்பது ஆகியவை அவர் வேலை. இப்போது ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் ஏரித் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்றும், களத்தில் அளந்து கொடுத்த நெல்லைப் பல வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார்.

பேச்சு முறைத் தண்ணீரைப் பற்றித் திரும்பியது. "ஏரி ரொம்பி இருந்தா காணிக்கு இத்தனை நாழின்னு ஒரு கணக்கு. தண்ணி கொறைஞ்சிட்டா அதே நேரம் விட்டா கடைமடைக்காரன் சண்டைக்கு வருவான். அப்ப எவ்ளோ விடணும், சொல்லுங்க பாப்போம்?" என்று எங்களைக் கேட்டார்.

என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "ஆள் உயரத் தண்ணி முழங்காலுக்கு வந்துட்டா நேரத்த ரெட்டிப்பாக்கணும் தாத்தா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இது பொஸ்தகத்துல இருக்கா தம்பி?"

"இல்ல தாத்தா. எங்கப்பாவும் நீர்க்கட்டிதான்."

நண்பர்கள் மூவரும் பேசவில்லை. ஒன்றரை ஆண்டு ஒரே விடுதியில் இருந்தும் என் தந்தை விவசாயி என்றுதான் அவர்களுக்குத் தெரியும். கல்லூரி விண்ணப்பத்திலும் 'விவசாயம்' என்றே எழுதியிருந்தேன். எங்களுக்கு நிலம் கிடையாது. பள்ளியில் என்னை 'மடையன் மகன்' என்று கூப்பிடுவார்கள். மடை திறப்பவனைக் குறிக்கும் சொல்லும், அறிவிலியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றா வேறா என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்த வேறுபாடு பயன்படாது.

அன்றிரவு பெரியவர் வீட்டுத் திண்ணையில் படுத்தபோது வேதியியல் நண்பர் மட்டும் கேட்டார்: "ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" எனக்கு விடை தெரியவில்லை. விளக்கருகே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை இங்கே தருகிறேன்.

டாரிசெல்லியின் தேற்றம் நமக்குப் பாடம். துளையின் வழியே வெளியேறும் நீரின் திசைவேகத்தினது வர்க்கம், துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்திற்கு நேர்விகிதம். மதகுத் துளைக்கு மேல் ஆள் உயரம், அதாவது 1.6 மீட்டர் நீர் நின்றால் வேகம் நொடிக்கு 5.6 மீட்டர். முழங்கால் அளவு, அதாவது 0.4 மீட்டர் நின்றால் 2.8 மீட்டர். உயரம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் சரிபாதி. ஆகவே அதே அளவு நீரைப் பெற நேரம் இருமடங்கு. உண்மை மதகில் உராய்வாலும் துளையின் வடிவாலும் வேகம் இன்னும் குறையும். ஆனால் இரண்டு நிலையிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைவதால் 'ரெட்டிப்பு' என்ற விதி நிற்கிறது. வாய்க்காலில் மண் குடிக்கும் நீரைக் கணக்கில் சேர்த்தால் கடைமடைக்கு இன்னும் சிறிது நேரம் கூட்ட வேண்டும். அப்பா அதையும் கூட்டுவார். "வாய்க்கா தாகத்துக்கு அரை நாழி" என்று அதற்குப் பெயர். நாழிகை என்பது 24 நிமிடம். அரை நாழிகை 12 நிமிடம்.

என் தந்தை நான்காம் வகுப்புவரை படித்தவர். டாரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியர். இவர்கள் இருவரும் சந்தித்துக்கொண்ட இடம் எங்கள் ஊர் மதகு. இதைச் சொல்வதால் பழையதெல்லாம் அறிவியல் என்று நான் சாதிப்பதாக எண்ண வேண்டாம். அப்பாவுக்கு விதி தெரியும். ஏன் என்று தெரியாது. முழங்காலுக்கும் ஆள் உயரத்துக்கும் இடையே, இடுப்பளவு நின்றால் எவ்வளவு என்று கேட்டால் 'பார்த்து' விடுவார். நமக்கோ ஏன் என்று தெரியும். எந்த வயலில் எலி வளை இருக்கிறது, எவன் இரவில் மடையை வெட்டுவான் என்று தெரியாது.

மூன்றாம் நாள் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். வீரராசேந்திரன் காலத்தில் இங்கே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருந்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. நேரமில்லாததால் விரைந்து பார்த்தோம். பழையசீவரம் வழியாகச் செங்கல்பட்டு திரும்பினோம். இரண்டாவது வில்லையும் தீர்ந்துவிட்டதால் கடைசி நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல், வேதியியல், வரலாற்றுத் துறைகள் சேர்ந்து ஆண்டுக்கு ஓர் ஏரியையாவது மாணவர்களுக்குக் காட்டலாம். கரை காக்க ஊரார் வர வேண்டும் என்று 1858-இல் சட்டம் போட்டார்கள். குடிமராமத்து என்ற பெயரில் 2017-இல் அரசு திட்டம் கொண்டு வந்தது. இரண்டும் நல்லவையே. ஆனால் மதகு, கலங்கல், வரத்துக்கால் என்று உறுப்புப் பெயர் தெரியாதவர்கள் வந்து எதைக் காப்பது? நீர்க்கட்டிகள் பலர் முதியவர். அவர்களிடம் உள்ள கணக்கை எழுதி வைத்துக்கொள்ள நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. நான் என் ஊரில் தொடங்கிவிட்டேன். குறிப்பேட்டில் இதுவரை பதினேழு பக்கம். இடுப்பளவு நீருக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு அப்பாவுக்குச் சொன்னேன். "சரியாத்தான் வருது, ஆனா மேக்கால காத்து அடிச்சா கொஞ்சம் மாறும்" என்றார். அது ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காற்று அலையைக் கரைப்பக்கம் ஒதுக்குவதால் மதகருகே நீர் மட்டம் சற்று உயர்கிறதோ என்பது என் ஊகம். தெரிந்தவர்கள் சொல்லலாம்.

சென்ற மாதம் உதவித்தொகைப் படிவம் நிரப்பினோம். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டார். மதகிலிருந்து தொடங்கிச் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேதியியல் நண்பர் மட்டும் "கலங்கலைச் சொல்லுடா, விட்டுட்டே" என்றார்.